காவலூரில் கேட்ட ஆங்கிலம்

எங்கள் பாலாற்றங்கரைப் பெற்றோருக்கு ஆங்கிலத்தின் மேல் இருக்கும் ஆசையை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக இருக்கும் தோல் ஊர்களில் தைக்கும் ஷூ கடல் கடந்து போகிறது. ஆர்டர் ஆங்கிலத்தில் வருகிறது. சரக்கில் குறை இருந்தால் அதைச் சொல்லும் கடிதமும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஒரே வயது, ஒரே படிப்பு. இருந்தும் வெளிநாட்டிலிருந்து வந்தவரோடு நின்று நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் ஆபீஸுக்குள் போய்விடுகிறார். தெரியாதவர் லைனிலேயே நிற்கிறார். இதைத் தினமும் கண்ணால் பார்க்கிற தாய், சம்பளத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் ஸ்பீக்கிங் கிளாஸுக்குக் கட்டுகிறாள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் காசு பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கவலை. பல வருஷம் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். ஸ்பீக்கிங் கிளாஸ் போய்வந்த பிள்ளைகளிடம் பேர் என்ன, ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் தடையில்லாமல் ஒப்பிப்பார்கள். ஐந்தாவது கேள்வியில் நின்றுவிடுவார்கள். பிள்ளைகளிடம் குறை இல்லை. பேசுவதற்கு அவர்கள் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அவர்களுடைய அம்மாக்களைப் பாருங்கள். எட்டாவதோடு நின்ற பெண் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறாள். ஸ்கைவிங் சரியில்லை, லைனிங் சுருங்குது, லாஸ்டிங்குல இழுக்காது, இதை ரிஜெக்ட் பண்ணிடுவாங்க என்று சூப்பர்வைசரிடம் நேருக்கு நேர் சொல்கிறாள். டேனரியில் வேலை செய்யும் அவள் புருஷனுக்கு, பதனிடும் தோலின் நிலைகளைச் சொல்லும் வெட் ப்ளூவும் கிரஸ்டும் அப்படித்தான். இவற்றை யாரும் அவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை. தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்கும்போதே ஸ்கைவிங் என்ற சொல்லும் கையோடு வந்துவிட்டது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் ஆங்கிலம் இந்த வழியில் வர வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு நம் மாவட்டத்திலேயே அருமையான ஓர் இடம் இருக்கிறது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் எழுநூறு மீட்டர் அளவில், காட்டுக்கு நடுவே, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும், தென்திசை வானமும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1972-ல் இங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அந்தக் கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள் நம் நாட்டுத் தொழில்நுட்பக்காரர்கள். பாப்பு அதைப் பார்க்க இருக்கவில்லை; 1982-லேயே காலமாகிவிட்டார். கணிதமேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றும் 4130-ஆம் எண் குறுங்கோள் 1988-ல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனையும் நம் மலையில் நடந்திருக்கிறது. ஏலகிரிக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் காவலூரைப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பஸ்ஸில் ஏற்றி, சுற்றிக் காட்டி, போட்டோ எடுத்துத் திரும்பக் கூட்டி வந்தால் ஒன்றும் நடக்காது. வேலை அதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பறையில் தொடங்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு டார்ச் லைட்டைச் சுவரில் படும்படி வைப்பேன். ஒரு பந்தின் இருபக்கமும் வளையம் போலக் கம்பியை வளைத்துக் கட்டி, அதை வெளிச்சத்துக்குக் குறுக்கே மெல்ல நகர்த்துவேன். பந்து டார்ச்சை மறைப்பதற்கு முன்பே கம்பி ஒருமுறை வெளிச்சத்தைத் தட்டும். பந்து விலகிய பிறகு மறுபடி ஒருமுறை தட்டும். அறை நன்றாக இருட்டாக இருந்தால்தான் அந்தத் தட்டல் கண்ணில் படும். பிள்ளைகள் நாலைந்து முறை செய்யச் சொல்லி, தாங்களே பிடித்து நகர்த்திப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் விஷயத்தைச் சொல்வேன். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போனபோது இதேதான் நடந்தது. கோள் வந்து மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கர்களும் அதைக் கண்டார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அது பதிவானது. யுரேனஸுக்கு வளையம் உண்டென்று உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். தான் கம்பியும் பந்தும் வைத்துப் பார்த்ததை நம் மலையில் இருந்தவர்கள் வானத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைக்குக் கேள்வி வரும். கேட்காமல் அதனால் இருக்க முடியாது.

அந்தக் கேள்வியை முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். உருது வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் வேண்டுமானால் தங்கள் வீட்டு மொழியில் பக்கத்துப் பிள்ளையோடு பேசித் தெளிந்துகொள்ளட்டும். ஆம்பூர்ப் பக்கத்து வகுப்பறையில் மூன்று மொழிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலம் அந்த மூவரில் யார் வீட்டிலும் பேசும் மொழி இல்லை. ஆகையால் அதில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பாதி வெட்கம் அதிலேயே போய்விடும். பிறகு, ஆளுக்கு ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் தயார் செய்யச் சொல்வேன். மனப்பாடம் வேண்டாம், துண்டுச்சீட்டும் வேண்டாம். அங்கே போனதும் அதை அவர்களே கேட்க வேண்டும். வாத்தியார் நடுவில் புகுந்து கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படிப் போன ஒரு தடவை நடந்தது இது. தொலைநோக்கிக் கூடத்துக்குள் நின்றோம். மேலே இருந்த கூரை மெல்லத் திரும்பத் தொடங்கியது. அந்தச் சத்தம் தரை வழியாகக் காலில் தெரிந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாள்: “சார், வொய் ரூஃப் டர்னிங்?” அவள் தயார் செய்து வந்த கேள்வி வேறு, இது அந்த இடத்தில் பிறந்தது. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவள் பக்கம் திரும்பி நிதானமாக, “பிகாஸ் வி ஆர் டர்னிங்” என்றார். பூமி சுழல்வதால் விண்மீன் நகர்வதுபோல் தெரிகிறது, அதைத் தொலைநோக்கி தொடர்ந்து போக வேண்டும், தொலைநோக்கியோடு கூரையின் திறப்பும் போக வேண்டும் என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அவள் விடவில்லை. “ஸ்பீடு சார்? ஹவ் மச் ஸ்பீடு?” ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டிகிரி என்று பதில் வந்தது. உடனே அவள் விரலால் கணக்குப் போட்டு, “ட்வென்டி ஃபோர் ஹவர், த்ரீ சிக்ஸ்டி!” என்றாள்.

அவள் வாக்கியத்தில் இலக்கணம் இல்லை. அதை அந்த மனிதர் திருத்தவும் இல்லை. கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். எங்களோடு வந்த இளம் ஆசிரியர் ஒருவர் திருத்துவதற்கு வாயெடுத்தார், நான் கையமர்த்தினேன். மறுநாள் வகுப்பில் அதே கேள்வியைப் பிழையில்லாமல் எழுதிப் போட்டு எல்லோரையும் சொல்லவைத்தால் போதும். பிள்ளை அறிவோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இலக்கணத்தை நீட்டினால், அது அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் அதைத் திறப்பதற்குப் பல வருஷம் ஆகும்.

பார்வை நேரம் முடிந்து வெளியே வந்ததும் இன்னொரு வேலை வைத்திருந்தேன். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியின் நடுவில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் அதுவே அளவுக்கருவி. வடக்கே மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நின்று, கோணமானியின் நேர் விளிம்பு வழியாகத் துருவ விண்மீனைப் பார்க்க வேண்டும். நூல் எங்கே விழுகிறது என்று பக்கத்தில் நிற்பவர் படிக்க வேண்டும். ஒருவர் பார்க்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத என்று மூன்று பேராகப் பிரிந்துகொண்டார்கள். மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தேன். “ஸ்டெடி, ஸ்டெடி”, “ரீட் நவ்”, “நோ, அகெய்ன்” என்று இருட்டில் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. கணக்குப் பார்த்தால் பன்னிரண்டரை டிகிரியை ஒட்டி வந்தது. காவலூரின் அட்சரேகையே அதுதான். நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பத்து ரூபாய்க் கோணமானி சொல்லிவிட்டது என்று அவர்களுக்கு அப்படியொரு ஆச்சரியம்.

வேறொரு மொழியிலேயே பாடத்தை நடத்துவது புதிய யோசனை இல்லை. 1965-ல் கனடாவில் கியூபெக் மாகாணத்து செயிண்ட் லாம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் நன்றாகப் பிரெஞ்சு கற்றார்கள், ஆங்கிலமும் கெடவில்லை. அதைப் பார்த்து உலகம் முழுவதும் பள்ளிகள் இந்த வழிக்கு வந்தன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும், கடையிலும், புத்தகத்திலும், வானொலியிலும் ஆங்கிலம் நிறைந்து கிடந்தது. தாய்மொழி வலுவாக நின்ற இடத்தில் இரண்டாம் மொழியை ஏற்றினார்கள். நம் ஊரில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் அறிவியலும் போய்விடும், ஆங்கிலமும் வராது. ஆகவே புரியவைப்பது தமிழில், செய்து பார்ப்பதும் கேட்பதும் ஆங்கிலத்தில் என்று நான் பிரித்துக்கொண்டேன். ஆங்கிலவழி வகுப்பில் உட்காரவைத்துவிட்டாலே ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பும் தலைமையாசிரியர்களோடு இந்த விஷயத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது.

இன்றைக்கு ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுகள் என் காலத்தைவிட அதிகம். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளி வகுப்பறைக்கே சோதனைகளைக் கொண்டுவருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் இதழை நடத்திவருகிறது. அதில் செய்து பார்ப்பதற்கு எத்தனையோ இருக்கின்றன. காவலூர் போக முடியாத மாதங்களில் பள்ளி மைதானமே போதும். ஏப்ரல் 23-ஐ ஒட்டி நம் மாவட்டத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி அப்படி ஆகும். ஒரு கம்பை நட்டு, நிழல் சுருங்குவதைக் கால்மணிக்கு ஒரு தடவை அளந்து, அளந்ததை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தால், அந்த ஒரு நண்பகலில் பிள்ளை பேசும் ஆங்கிலம் ஸ்பீக்கிங் கிளாஸின் ஒரு மாதத்தைத் தாண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மலையிலிருந்து திரும்பி வந்ததும், “இங்கிலீஷ்ல பேசினியா?” என்று கேட்காதீர்கள். “என்ன கேட்டே, என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் வேலையில் பழகிய சொற்களையும் அதற்குச் சொல்லுங்கள். ஸ்கைவிங் என்றால் என்ன, கிரஸ்ட் என்றால் என்ன என்று விளக்குங்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தாய் தனக்கு ஆங்கிலமே தெரியாது என்று பிள்ளை எதிரில் சொல்லிக்கொள்வது எனக்குப் பொறுக்காது. அது உண்மையும் அல்ல.

காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களைப் பார்க்க விடுகிறார்கள். இரவில் வானம் தெளிவாக இருந்தால் சிறிய தொலைநோக்கியில் காட்டுவார்கள். மழைக்காலத்தில் போனால் மேகம்தான் தெரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பெரிய குழுவாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், செல்போன் வெளிச்சத்தை அணைத்துவையுங்கள். இந்த மாவட்டத்துத் தலைமையாசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வருகிற தை மாதத்துக்குள் ஒரு வகுப்பையாவது, ஆளுக்கொரு கேள்வியோடு, அங்கே அனுப்பிவையுங்கள்.