கலாநிதிப் படிப்பும் கைச் சம்பளமும்

சென்ற தைப்பொங்கலன்று மாலை என் பழைய மாணவி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மொனராகலைக்கு அண்மையிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிலே பால் வெட்டும் தாயின் மகள் அவள். பேராதனையிலே விஞ்ஞானப் பட்டமும், பின்னர் முதுநிலைப் பட்டமும் பெற்றவள். "மேலும் ஆராய்ச்சி செய்ய ஆசைதான் ஐயா. ஐரோப்பாவுக்குப் போகப் பணத்துக்கு எங்கே போவது?" என்றாள்.

அக்கேள்வி என் நெஞ்சைச் சுட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு மாணவன் இதையே கேட்டபொழுது, "அதெல்லாம் பணம் படைத்தவர்கள் காரியம், தம்பி. கிடைத்த உத்தியோகத்தைப் பார்" என்று கூறி அனுப்பியவன் நான். என் அறியாமையையே புத்திமதியாக வழங்கிவிட்டேன்.

உண்மை யாதென்பதைப் பின்னரே தேடி அறிந்தேன். சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகம் 1477ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்வோர் எந்நாட்டவராயினும் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அவர்களிற் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியராகவே நியமனம் பெற்று, மாதச் சம்பளத்துடன் ஆராய்கின்றனர். முழுநேரமாயின் நான்கு ஆண்டுகள். கற்பித்தற் பணியும் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். நோர்வே, நெதர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளிலும் இத்தகைய சம்பளப் பதவிகள் பல உள. பட்டம் பெற்ற பின்னர் ஆராய்ச்சியைத் தொடர்வதற்கும் தவணைப் பதவிகள் உண்டு.

இப்பதவிகளைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் இணையத்தளங்களிலே விளம்பரம் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூராக்செஸ்' தளத்திலும் அவற்றைக் காணலாம். ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனித் தகைமையும் முடிவுத் திகதியும் உண்டு. சான்றிதழ்கள், தன்விவரம், ஆய்வேட்டின் சுருக்கம், பேராசிரியர்களின் பரிந்துரை, அவ்வாய்வில் நாட்டம் கொண்ட காரணத்தைக் கூறும் கடிதம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். விண்ணப்பத்தை நாமே நேரடியாக அனுப்பலாம்; இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. போட்டி கடுமையானது என்பதையும் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு முறை மறுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளல் ஆகாது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மாணவி, தன் கைப்பையிலிருந்து புதிய கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினாள். அதைக் கையில் வாங்கியபொழுது நான் சிறிது நேரம் பேசவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேதான். பாட்டன்மாருக்கு எட்டாதிருந்த ஏடு பேர்த்தியின் கையில் இருக்கின்றது. அதைப் பயன்படுத்தும் வழியைச் சொல்லவேண்டிய ஆசிரியரே அறியாதிருத்தல் தகுமோ?

அன்றிரவே அந்தப் பழைய மாணவனுக்குக் கடிதம் எழுதினேன். அவன் இப்பொழுது பதுளையிலே எழுதுவினைஞனாக இருக்கின்றான். "தம்பி, அன்று நான் உனக்குச் சொன்னது தவறு. சுவீடனிலே இப்படிப்புக்கு வயதெல்லை இல்லை. உனக்கு இன்னும் விருப்பமிருந்தால் வா, இருவரும் அமர்ந்து விண்ணப்பம் எழுதுவோம்" என்று எழுதினேன்.

இன்னும் பதில் வரவில்லை. மாணவியின் விண்ணப்பம் என் மேசைமீது திருத்தத்துக்காகக் காத்திருக்கின்றது.