குஜிலியம்பாறையில் முயல் மசால்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்குப் பூட்டும் பிரியாணியும்தானே நினைவுக்கு வரும்? எரியோடு வழியாகப் போகும் கரூர் பஸ்ஸில் ஏறிக் குஜிலியம்பாறையில் இறங்கிப் பாருங்கள். அங்கே பூட்டி வைக்க முடியாத செல்வம் ஒன்று உண்டு. ஆடுகள்தான்!

நான் போனது பங்குனிக் கடைசி. முள்கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும், காய்ந்து சருகான கொழுக்கட்டைப் புல்லும். நடுவே ஒரு துண்டு நிலத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை தெரிந்தது.

"அது என்ன பாட்டி?"

"முயல் மசாலு, தாயி. ஆட்டுக்குப் பருப்புச் சோறு மாதிரி!"

எனக்கு நீலகிரி நினைவு வந்தது. அந்த மலைப் புல்வெளிகளில் மூன்றிலை விரித்துப் படரும் வெள்ளைக் குளோவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே பயறுக் குடும்பந்தான். வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தரும். ஆனால் குளோவர் குளிர்நாட்டுச் செல்வி. வேர் ஆழம் போகாது, வறட்சி தாங்காது. போதாததற்கு, அளவு மீறி மேய்ந்த மாட்டுக்கு வயிறு உப்பிவிடும்! தென்னமெரிக்காவிலிருந்து வந்த முயல் மசாலோ மானாவாரி நிலத்துக்கென்றே பிறந்தது. கொழுக்கட்டைப் புல்லோடு கலந்தும் வளரும்.

"சும்மா தூவினா முளைக்காது, தாயி. விதைத் தோல் கெட்டி. வெந்நீரிலே போட்டு எடுக்கணும். கொதிக்கக் கொதிக்க ஊத்தினா செத்துப் போகும்."

கணக்கு இதுதான்: 80 டிகிரிச் சூட்டில் 4 நிமிஷம், பிறகு இரவு முழுதும் பச்சைத் தண்ணீரில் ஊறல். இட்லிக்கு உளுந்து போடும் நமக்கு இது பெரிய வித்தையா?

"இதை எப்போது விதைத்தீர்கள்?"

பாட்டி சற்றுப் பேசவில்லை. 2016-இல் மழை பொய்த்ததே, அந்த வருஷம் தீவனமில்லாமல் ஆறு ஆடுகளை அய்யலூர்ச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளினாராம். மூத்த பேத்தியின் காலேஜுப் பணம் அது.

"அவ படிப்பு அதோட நின்னு போச்சு, தாயி. அடுத்த மழைக்கே இதைப் போட்டுட்டேன்."

மூன்று கிடாய்கள் பாட்டியின் முந்தானையை இழுத்தன.

"இதுக மூணும் ஆனி மாசம் வரைக்கும் தாக்குப் பிடிச்சாப் போதும். சின்னவ காலேஜுல சேரணும்."

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். பாட்டி அந்தப் பச்சையில் ஒரு கைப்பிடி அறுத்துக் கொண்டிருந்தார். ஒரு கைப்பிடிதான், அதற்கு மேல் இல்லை.