பொய்லர் நின்றுவிட்டால்

மகளை லண்டனுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு மார்கழி, தை மாதங்களில் ஓர் அழைப்புக் கட்டாயம் வரும். "உம்மா, பொய்லர் நின்டுட்டு, வீடெல்லாம் குளிர்" என்று மகள் சொல்வாள். இங்கே இருக்கும் தாய்க்கு அது விளங்குவதில்லை. பொய்லர் என்றால் கலியாண வீட்டில் தேத்தண்ணிக்கு வெந்நீர் போடும் பாத்திரம்தானே, அது இல்லாவிட்டால் அடுப்பில் கேத்தலை வைத்தால் போச்சு என்று நினைக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கதிரவெளியில் வாடைக் காற்று வீசும் மாரி காலத்திலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கேயோ தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்து கல்லாகிவிடும்.

ஒரு தை மாதம் முழுக்க நான் லண்டனில் தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தேன். குசினிச் சுவரில் அலுமாரி அளவில் ஒரு பெட்டி. உள்ளே கேஸ் எரிகிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் காய்கிறது. ஒரு பம்பி அதை அறை அறையாக இருக்கும் இரும்புத் தகடுகளுக்குத் தள்ளிவிட, அது சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறித் திரும்பி வருகிறது. வுளூச் செய்யும் குழாய்க்கு வெந்நீர் தருவதும் அதே பெட்டிதான். திருகோணமலைக் கன்னியாவில் அல்லாஹ் ஏழு கிணறுகளில் இலவசமாகத் தந்திருப்பதை அங்கே மாதாமாதம் காசு கட்டி வாங்குகிறார்கள்!

ஒருநாள் ஸுபஹுக்கு எழுந்தால் தண்ணீர் ஐஸ். மச்சான் இரவு வேலைக்குப் போயிருந்தார். தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை. நான் பெட்டியின் மூடியில் கை வைக்கப் போனேன். "தொட்டுராதீங்க காக்கா. மூடிக்கு வெளியில உள்ளதுதான் நம்மட வேலை. உள்ளுக்குள்ள போறது நம்மட வேலை இல்ல" என்றாள் தங்கச்சி. அன்று அவள் செய்ததைத்தான் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தாள். அது எரிந்தால் கேஸ் வருகிறது. முற்பணம் கட்டும் மீற்றர் உள்ள வீடுகளில் காசு முடிந்துபோயிருப்பதும் உண்டு. அடுத்து, சுவரில் சூட்டைக் கணிக்கும் சின்னப் பெட்டி. அதன் பற்றரி இறந்தாலும் பொய்லர் பேசாமல் இருந்துவிடும். பிறகு அமுக்கம் காட்டும் முள். தண்ணீர் ஆறியிருக்கும்போது அது பெரும்பாலான பொய்லர்களில் 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால், கைநூலில் காட்டியிருக்கிற நிரப்புக் குழாயின் வால்வுகளை மெல்லத் திறந்து, முள் ஏறியதும் மறக்காமல் இறுக மூட வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதற்கு ஆள் வரவேண்டும்.

அன்று முள் சரியாகவே நின்றது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து குடகுட என்று ஒரு சத்தம். தங்கச்சி உடனே கண்டுபிடித்துவிட்டாள். 2005ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகப் பூட்டும் கேஸ் பொய்லர்கள் பெரும்பாலும் புகையின் நீராவியையும் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்பவை. அந்த நீர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே வடிகிறது. பனியில் அது உறைந்து அடைத்தால் பொய்லர் தானாகவே நின்றுவிடும். அவள் கொதிக்காத இளஞ்சூட்டு நீரை வெளியே கொண்டுபோய்க் குழாயின் மேல் ஊற்றினாள். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாமாம். இரண்டு கேத்தல் தண்ணீர் போனது. திரும்பி வந்து மீளியக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்த, பெட்டி உறுமிக்கொண்டு எரியத் தொடங்கியது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் அழுத்தக் கூடாது, இயந்திரம் எதற்கோ பயந்துதான் நிற்கிறது என்பது அவள் சொன்ன விளக்கம்.

அதற்கும் எரியாவிட்டால்? அரசாங்கப் பதிவுள்ள ஆளைக் கூப்பிட வேண்டும். 2009 ஏப்ரலில் இருந்து அந்தப் பதிவேட்டின் பெயர் 'கேஸ் சேஃப்'. வருகிறவரிடம் படம் போட்ட அட்டை இருக்கும், கேட்டுப் பார்க்க வெட்கப்படத் தேவையில்லை. வாடகை வீடானால் வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் சாமான்களைச் சோதிப்பிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

கேஸ் மணத்தால் இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. லைற் சுவிட்சைக்கூடத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, மீற்றரடி வால்வை மூடி, பிள்ளைகளுடன் வெளியேறி, வெளியில் நின்று 0800 111 999க்கு அழைக்க வேண்டும்.

மணக்கிற கேஸை விட மணக்காததற்குத்தான் நான் பயப்படுகிறேன். நெருப்புக்குப் போதிய காற்றுக் கிடைக்காதபோது காபனோரொட்சைட்டு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறும் இடத்தை அது 200 மடங்குக்கு மேலான பலத்துடன் பிடித்துக்கொள்கிறது. தலையிடி, குமட்டல், மயக்கம் வரும். தடிமன் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனதும் சுகமானால் அது காய்ச்சல் அல்ல. நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாக எரிவதும், பெட்டியைச் சுற்றிக் கரி படிவதும் அடையாளங்கள். பொய்லர் நின்ற குளிரில் இறைச்சி சுடும் கரியடுப்பை அறைக்குள் கொண்டுவந்து மூட்டுகிறவர்கள் இந்த நஞ்சைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

இது லண்டன் கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் குளிர் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, தாயும் சிசுவும் இருக்கிற அறையில் தணல் சட்டியை வைத்துச் சாம்பிராணி போடுகிறோமே, அந்தத் தணலிலிருந்து வருவதும் இதுவேதான். புகை அடங்கியபின் ஆபத்துப் போய்விட்டதென்று நினைக்கிறோம். கண்ணைக் கரிக்கும் புகை அடங்கினாலும் தணல் இதைக் கக்கிக்கொண்டே இருக்கும். மழைக்கு மின்சாரம் போனதும் ஜெனரேற்றரை விறாந்தைக்குள் இழுத்து வைக்கிற வீடுகளுக்கும் இதே பேச்சு. சட்டியை அறைக்கு வெளியே வையுங்கள், ஜெனரேற்றரை முற்றத்தில் தள்ளி வையுங்கள்.

2022 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வாடகை வீடுகளில் பொய்லர் உள்ள அறையில் இந்த நஞ்சைக் கண்டால் அலறும் கருவி இருக்க வேண்டுமென்று சட்டம். தங்கச்சி வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பார்ப்பது பத்து வயது மூத்தவளின் பொறுப்பு. அது கத்தும்போது தம்பி காதைப் பொத்திக்கொள்வான்.