மிளகுத்தண்ணியும் முடவாட்டுக்காலும்

சூப் என்றால் ஓட்டல் சமாசாரம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சோளமாவு கரைத்த வெந்நீரில் இரண்டு காரட் துண்டுகள் மிதக்கும். மேலே மிளகுத்தூள் தூவிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. இப்படிக் குடித்துப் பழகியவர்களுக்கு, உலகத்துச் சூப்புகளில் ஒன்று தமிழ்ப் பெயரைச் சுமந்தபடி இங்கிருந்துதான் கப்பலேறியது என்பது மறந்துபோவதில் வியப்பில்லை. நம் மிளகுத்தண்ணி ஆங்கிலேயர் நாவில் முல்லிகட்டானி ஆயிற்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வெள்ளைக்காரர்களுக்கே அதைச் சுருக்கி 'மல்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூல் 1878இல் சென்னையில் வெளிவந்தது. வெளியிட்டவர்கள் ஹிக்கின்பாதம்ஸ். அதிலும் மிளகுத்தண்ணிக்கு இடம் உண்டு. பிறகு சீமையில் அதற்கு இறைச்சிச் சாறும் கறிப்பொடியும் ஆப்பிளும் சேர்ந்து, பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தச் சொல்லுக்கு 1784ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றை மேற்கோளாகத் தருகிறது. ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவர் பாடியது. பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியுமே உணவாகிவிட்டதே என்று விதியை நொந்துகொள்கிற பாட்டு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளிலும் அவை இரண்டும் காய்ச்சல் நாட்களின் உணவுதானே? அடுப்படியில் மிளகு வறுபடும் வாசனை வந்தால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள்.

எங்கள் வீட்டில் அந்த வாசனை மாதக்கணக்கில் இருந்தது. அம்மாவுக்குச் சிக்குன்குனியா. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. எழுபத்தெட்டு வயதில், காலையில் எழுந்து டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது. மாத்திரைகள் ஒருபுறம் இருக்க, எங்களை அச்சுறுத்தியது அவர் சாப்பாட்டை விட்டுவிட்டதுதான். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 51 கிலோ இருந்தவர் 44 ஆனார். "போதும், எதுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கணும்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை.

ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கீழ்வீட்டு அக்கா பார்க்க வந்தார். "அம்மா, ஜாம்பஜார்ல நாலு ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்து சூப் வச்சுத் தரேன். ஒரு வாரத்துல எந்திரிச்சு நடப்பீங்க" என்றார். அம்மா பிறந்ததிலிருந்து சைவம். "நீ சொன்னதே போதும்மா, பாதி வலி போயிடுச்சு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா வருத்தப்படவில்லை. இரண்டு நாள் கழித்து மாடியேறி வந்து, "சைவத்துலயே ஒரு ஆட்டுக்கால் இருக்காமே, கிழங்காம்" என்று செய்தி மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் நாங்கள் முடவாட்டுக்காலைத் தேடிக் கிளம்பினோம். ஜாம்பஜாரில் 'முடவாட்டுக்கால்' என்று கேட்டதும், கேட்டவர் மரியாதையாகக் கறிக்கடை வரிசையைக் காட்டினார். கீரை விற்கும் அம்மாள்தான் விஷயம் அறிந்தவர். "அது கொல்லிமலைச் சரக்கு சாமி, எங்கிட்ட வராது" என்றவர், எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து நீட்டினார். "எலையைப் பொரியல் பண்ணிக்குங்க. ஈர்க்கைத் தூரப் போட்டுடாதீங்க, தட்டி ரசத்துல போடுங்க." அதுவரை எங்கள் வீட்டில் முருங்கை ஈர்க்கு நேரே குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த பொருள். இரண்டு டம்ளர் நீரில் ஒரு கைப்பிடி ஈர்க்கைத் தட்டிப் போட்டு, நீர் பாதியாகச் சுண்டியதும் வடிகட்டி, அந்த நீரில் மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்து ரசம் வைத்தோம். அம்மா அரை டம்ளர் குடித்தார். அன்றைய கணக்கில் அது பெரிய வரவு.

அடுத்தது மயிலாப்பூர். டப்பா செட்டி கடையில் கண்டந்திப்பிலியும் அரிசித்திப்பிலியும் வாங்கினோம். கடையில் எங்களுக்கு முன்னால் நின்றிருந்த மூதாட்டி, கேட்காமலே பக்குவம் சொன்னார். நான்கு குச்சி கண்டந்திப்பிலி, அரை ஸ்பூன் அரிசித்திப்பிலி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு; எல்லாவற்றையும் நெய்யில் வறுத்து அரைத்து, நீர்க்கக் கரைத்த புளியில் கொதிக்கவிட வேண்டும். "புளி கம்மியா இருக்கட்டும். வாய் கசக்கறவாளுக்குப் புளிப்பு முன்னாடி நிக்கப்படாது" என்றார். எந்தச் சமையல் புத்தகத்திலும் எங்கள் கண்ணில் படாத வரி அது.

கடைசியில் கிழங்கும் வந்தது. எங்களில் ஒருவருடைய அலுவலக நண்பர் நாமக்கல்காரர். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துக் கடைகளில் ஒரு கிலோ வாங்கி வந்தார். செய்தித்தாளைப் பிரித்தபோது எங்களுக்கே தூக்கிவாரிப்போட்டது. பழுப்பு ரோமம் அடர்ந்து, அசல் ஆட்டுக்கால்! பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. ரோமத்தைக் கத்தியால் சுரண்டித் தோலைச் சீவினால் உள்ளே பச்சை கலந்த வெண்மை.

செய்முறை இதுதான். 100 கிராம் கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளவும். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் எட்டு, கொத்தமல்லித்தழை ஒரு பிடி. இவற்றைக் கிழங்கோடு சேர்த்து அரைக்கவும். ஒரு லிட்டர் நீரில் கரைத்து, மஞ்சள்தூளும் உப்பும் இட்டு, இருபது நிமிடம் சிறுதீயில் கொதித்ததும் வடிகட்டினால் நான்கு பேருக்குக் காணும்.

அம்மா ஒரு டம்ளர் முழுவதும் குடித்துவிட்டு, "ஆட்டுக்கால் எப்படியிருக்கும்னு எனக்கென்ன தெரியும். இது நல்லாயிருக்கு" என்றார். "கீழ கொஞ்சம் கொண்டுபோய்க் குடு" என்றும் சொன்னார். ஒன்றரை மாதத்தில் அவர் உணவைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கீழ்வீட்டு அக்கா குடித்துப் பார்த்து, "எல்லாம் இருக்கு, ஆடுதான் இல்ல" என்று தீர்ப்பளித்தார்.

வலி போனதா என்று கேட்பவர்களுக்கு: நான்கைந்து மாதங்களில் மெல்லக் குறைந்தது. இந்த நோயின் மூட்டுவலி பலருக்குக் காலப்போக்கில் தானே தணிவதுண்டு. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளையும் நாங்கள் நிறுத்தவில்லை. ஆகவே கிழங்குக்குப் பட்டம் சூட்ட எங்களுக்கு உரிமையில்லை. எங்களால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். இன்று என்ன சூப், எங்கிருந்து வந்தது, யார் சொன்னார்கள் என்று அம்மா கேட்க ஆரம்பித்தார். பதிலைக் கேட்பதற்காகவாவது டம்ளரைக் கையில் வாங்கினார். மூன்று கிலோ ஏறினார்.

ரமலான் வந்தபோது அக்கா, பச்சரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, கறி போடாமல், அம்மாவுக்கென்று தனிப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். பெங்களூர்ச் சிறைவாசியை நொந்துகொள்ள வைத்த மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் எங்கள் அம்மாவை எழுப்பி உட்கார வைத்தன. அவருக்கு அவற்றை அள்ளி ஊற்றியவன் சிறைக் காவலன் என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

சூப்பில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சமுள்ள கொஞ்சத்தை அம்மாவுக்காக எத்தனை பேர் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். பொருளைத் தேடிப் போகிறவர்கள், யாருக்காக என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. பொருளோடு பக்குவமும் கிடைக்கும். அதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள்.