மூன்றாவது நாடா யார் கையில்?

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை விரித்துப் பார்ப்பவர்கள் முதலில் நிறத்தைச் சொல்வார்கள், பிறகு ஜரிகையை. உடலும் கரையும் சந்திக்கிற கோட்டைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. அவ்வூரின் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் கண்டதை வைத்துச் சொன்னால், ஒரு புடவையில் அதிகமான யோசனை செலவாகியிருப்பது அந்தக் கோட்டில்தான். நோக்கத்தோடு வேலை செய்வது பற்றித் துணிக்கலைஞர்கள் இப்போது நிறையப் பேசுகிறார்கள். எந்த நூல், எந்தச் சாயம், எவ்வளவு நாள் என்பதையெல்லாம் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். அது நல்ல கொள்கை. ஆனால் அந்தத் தேர்வெல்லாம் வரைபவரின் மேசையிலேயே முடிந்துவிடுகிறது, தறியில் நடப்பது வெறும் கைவேலை என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதை நான் ஏற்கவில்லை. மாற்ற முடியாத முடிவைப் பொறுப்போடு எடுப்பதுதான் நோக்கம் என்றால், காஞ்சிபுரத்தில் அது சாயம் போடுபவர் தொடங்கி, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைக் கோர்ப்பவர் வரை பல கைகளில் இருக்கிறது. கூலியையும் பெயரையும் அந்தக் கணக்கில்தான் பங்கிட வேண்டும்.

முதல் முடிவு தறிக்கு வெகுமுன்பே எடுக்கப்படுகிறது. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலை முறுக்கேற்றி, வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடுகிறது. பளபளப்பு வருவது அதற்குப் பிறகுதான். குறைவாக வெந்தால் சாயம் சீராகப் பிடிக்காது. மிகையாக வெந்தால் இழை நைந்துவிடும். எப்போது இறக்குவது என்பதை நூலைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். சாயம் ஏறிய பாவை, அதாவது நீள நூல்களை, காலை வெயில் சுடுவதற்குள் தெருவில் நீள இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பாவு மூன்று புடவைக்கானது. ஆகவே பாவின் நிறத்தை முடிவு செய்தவர் மூன்று புடவையின் அடிப்படை நிறத்தையும் முடிவு செய்துவிடுகிறார். அதற்குப் பிறகு மீதமிருக்கும் சுதந்திரம் குறுக்கே ஓடும் ஊடையில்தான். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில்கழுத்து நிறம் கிடைக்கும். சிவப்பு ஊடை ஓடினால் அதே பாவு கத்திரிப்பூ நிறத்துக்குச் சாயும். முன்பு எடுத்த முடிவுக்குள் நின்றபடி அடுத்த முடிவை எடுக்கும் இந்த ஒழுங்கு வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்கிறது.

கோர்வை அதன் உச்சம். உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம் என்றால் மூன்று நாடாக்கள் வேண்டும். இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. உடலின் ஊடை கரையின் எல்லை வரை வந்து, கரையின் ஊடையோடு கைகோத்துத் திரும்ப வேண்டும். இது ஒவ்வோர் ஊடைக்கும், இரண்டு பக்கமும் நடக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் எல்லையில் இடைவெளி விழும். கொஞ்சம் இழுத்தால் துணி சுருங்கும். ஒரே நாடாவை அகலம் முழுக்க ஓட்டினால் வேலை எவ்வளவோ சுலபம். ஆனால் அப்போது உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்துவிடும். ஜரிகை அடர்த்தியாக இருந்தால் அந்தக் கலப்பு கண்ணுக்கு எளிதில் படாது. எளிய வழி கையருகே இருக்கும்போது கடினமான வழியில் போவதற்குக் காரணம் ஒன்றுதான்: கரையின் நிறம் கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்ற தீர்மானம். முந்தியைப் பெட்னி முறையில் இணைப்பதும் இப்படித்தான். உடலின் பாவு முடியும் இடத்தில், முந்திக்கான வேறு நிறப் பாவை இழை இழையாகப் பழைய பாவோடு மாட்டி, இரண்டும் சேர்ந்து சிறிது தூரம் நெய்யப்பட்ட பிறகு பழைய இழைகளை அறுத்து நீக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு இதைச் செய்ய வேண்டும். அறுத்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு, எல்லாம் அட்டையில் இருக்கிறதே என்பது. பூ நெய்ய உதவும் ஜக்கார்டு கருவி வந்த பிறகு மயில், யாளி, ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு எல்லாம் துளையிட்ட அட்டைகளில் அடங்கிவிட்டன. அந்த அட்டைகளும் இப்போது கணினியில் வரைந்த வடிவத்திலிருந்து வருகின்றன. நெசவாளர் மிதிக்கிறார், அட்டை நகர்கிறது, பூ விழுகிறது. இதில் அவர் முடிவு செய்ய என்ன இருக்கிறது? வலுவான கேள்விதான், ஆனால் அட்டையின் வேலையை அது மிகைப்படுத்துகிறது. எந்த இழைகளைத் தூக்க வேண்டும் என்பதை மட்டுமே அட்டை சொல்கிறது. பலகையை எவ்வளவு ஓங்கி அடிப்பது என்று அது சொல்வதில்லை. அடி ஒரே சீராக இல்லாவிட்டால் வட்டமாக இருக்க வேண்டிய புட்டா நசுங்கியோ நீண்டோ போகும். மழைக்காலத்தில் குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஏறுகிறது, நூலின் இறுக்கம் மாறுகிறது. அன்றைக்குப் பாவை எவ்வளவு இழுத்துக் கட்டுவது, அறுந்த இழையை இப்போதே முடிவதா இன்னும் இரண்டு ஊடை தாண்டியா என்பதெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவரின் தீர்ப்பு. ஒரே அட்டை போட்டு இருவர் நெய்த இரண்டு புடவைகளின் பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்புகளின் வித்தியாசம் தெரியும். இசைக் குறிப்பு ஒன்றாக இருந்தும் பாடுபவர் மாறினால் பாட்டு மாறுவதைப் போன்றது இது.

வரைவதும் நெய்வதும் வேறுவேறு என்ற பிரிவு கலையுலகிலேயே எல்லோரும் ஏற்றதல்ல. 1922இல் ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் சேர்ந்து நெசவுப் பட்டறையில் பயின்ற ஆனி ஆல்பர்ஸ், 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி நடத்துமளவுக்கு நெசவைக் கலையாக நிலைநிறுத்தியவர். நெசவைப் பற்றி 1965இல் வெளியிட்ட நூலை அவர் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார், அவர்களைத் தன் ஆசிரியர்கள் என்று சொல்லி. பெயர் தெரியாத நெசவாளர்களிடம் அவர் கண்டது, பொருளோடு பழகிப் பெற்ற சிந்தனையை. நம் பக்கத்தில் ருக்மிணி தேவி 1937இல் கலாக்ஷேத்ராவில் நெசவைத் தொடங்கியபோது நடன உடைக்கும் புடவைக்குமான தறிகளை வளாகத்துக்குள்ளேயே வைத்தார். அந்த ஏற்பாட்டில் நிறத்தைச் சொல்பவரும் அதை நெய்பவரும் பேசிக்கொள்ளும் தூரத்தில் இருந்தார்கள். வரைபவருக்குத் தறி எட்டாத தூரத்தில் இருக்கும்போதுதான் நோக்கம் முழுவதும் தன்னுடையதே என்று அவருக்குத் தோன்றும்.

என் வாதத்துக்கு வரும் மிகக் கடுமையான மறுப்பு அழகியலைச் சேர்ந்ததல்ல. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் அமர, மறுபக்கத்து நாடாவை எறிந்து கோர்க்க ஒரு துணையாள் வேண்டும். பல காலம் அந்தத் துணையாள் ஒரு குழந்தை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. அந்தக் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் வியக்கும் தூய நிறக்கோடுகளில் எத்தனையோ பள்ளிக்குப் போக வேண்டிய கைகளால் கோர்க்கப்பட்டவை. அப்படியானால் நோக்கம் என்று பேசுவது இந்தக் கொடுமைக்குப் பூசும் மெருகல்லவா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு என் வாதம் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. நோக்கத்தோடு செய்த வேலையா என்று அளக்கும்போது நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் அளந்தால் அளவுகோலே தவறு. மூன்றாவது நாடாவை யார் பிடிக்கிறார், எந்தக் கூலிக்கு, வேண்டாம் என்று எழுந்து போக அவரால் முடியுமா என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். குழந்தைகள் தறியை விட்டுப் போனது இந்தக் கலைக்கு நேர்ந்த இழப்பென்று யாராவது சொன்னால், அவர் கலையையும் புரிந்துகொள்ளவில்லை. இப்போது பல வீடுகளில் துணையாள் மனைவி. சில தறிகளில் ஒருவரே கோர்க்கும்படி அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். சிலர் கோர்வையையே விட்டுவிட்டு ஒரே நாடாவுக்கு மாறிவிட்டார்கள். மூன்றுமே ஆள்பலத்தை எண்ணி எடுத்த வடிவமைப்பு முடிவுகள். அவற்றை எடுத்தவர்கள் தறிவீட்டுக்காரர்கள்.

நடைமுறை தெரிந்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: நெசவாளர் கூலிக்காக நெய்கிறார், பிள்ளைகளைப் படிக்கவைத்து வேறு வேலைக்கு அனுப்புகிறார், நோக்கம் என்பது வயிறு நிறைந்தவரின் பேச்சு. கூலிக்காக நெய்வது உண்மை. முதலாளி நூலையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார், புடவையை எடை போட்டு வாங்குகிறார். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு அந்தத் தராசில் ஏறுவதில்லை. ஆனால் கூலி வாங்கும் மருத்துவரின் முடிவை முடிவல்ல என்று நாம் சொல்வதில்லை. தேவைக்காகச் செய்யும் வேலையிலும் தீர்ப்பு உண்டு. அந்தத் தீர்ப்புக்கு விலை வைக்கப்படவில்லை என்பதுதான் குறை. பிள்ளைகள் விலகிப் போவதும் இதற்கே சான்று. கரையில் பூ வைத்து நெய்யும் புடவைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் காஞ்சிபுரப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் துணியையும் ஊரின் பெயரையும் காக்க முயல்கின்றன. தறியில் எடுக்கப்படும் முடிவுக்கு விலை வைக்கும் வேலையை அவற்றால் செய்ய முடியாது.

அதைச் செய்ய வேண்டியவர்கள் கூட்டுறவுச் சங்கங்களும், வடிவமைப்பாளர்களும், வாங்குபவர்களும். கோ-ஆப்டெக்ஸ் தன் புடவைகளோடு நெசவாளரின் படமும் விவரமும் கொண்ட அட்டையை இணைத்தது நல்ல தொடக்கம். அதில் துணையாளின் பெயரும், பாவு போட்டவர், சாயம் போட்டவர் பெயர்களும் சேர வேண்டும். கோர்வைக்கும் பெட்னிக்கும் தனிக் கூலி என்று ரசீதில் பிரித்து எழுத வேண்டும். கோர்வையில் உட்காரும் இரண்டாமவரின் கூலி முதல்வரின் கூலிக்குள் மறையாமல், அவர் மனைவியாகவே இருந்தாலும், அவர் கைக்கே போய்ச்சேர வேண்டும். புடவை வாங்குபவர் கரையைப் புரட்டி, நிறம் இரு பக்கமும் தூய்மையாக இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரரால் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நோக்கத்தோடு வேலை செய்வதாகச் சொல்லும் எந்தத் துணிக்கலைஞரிடமும் நான் எதிர்பார்ப்பது இதுதான்: தன் எண்ணத்தை விளக்குவதற்கு முன், அந்த எண்ணத்தைத் துணியாக்கியவர்கள் என்னென்ன முடிவுகளை எடுத்தார்கள், அதற்கு என்ன பெற்றார்கள் என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். அது தெரியாதவர் தன் வேலையில் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்.