பெயர் வைப்பதற்குள்...

செடிகளை ஆராயக் காட்டுக்குள் போன கேரளத்து எஸ்.டி. பிஜு, தவளைகளிடம் மனதைப் பறிகொடுத்தார். இடுக்கி மலையில் கிடைத்த ஊதா நிறத் தவளையை, பெல்ஜிய விஞ்ஞானி ஃபிராங்கி போசுய்ட்டுடன் சேர்ந்து 2003இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். உப்பிய உடல், பன்றி மூக்கு. நெருங்கிய சொந்தங்கள் இருப்பதோ கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்துக்கு உயிருள்ள சாட்சி.

ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று கிடக்கும் இது, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் வெளியே வந்து ஓடையில் முட்டையிடும். ஓடை போனால் வம்சமும் போச்சு.

காணாமல்போன தவளைகளைத் தேடும் இயக்கத்தை 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கினார் பிஜு. நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டியும் அவரது கவலை தீரவில்லை: பெயர் வைப்பதற்குள்ளேயே அழிந்துபோகிறவை எத்தனையோ!