ரீபூட்டுக்கு அஞ்சாத சர்வர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த டேட்டா சென்டருக்குள் எதைச் சொல்வதானாலும் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும். ரேக் ரேக்காக அடுக்கியிருக்கும் சர்வர்களின் மின்விசிறிகள் ஒருசேர இரைகின்றன. ரேக்கின் முன்புறம் நின்றால் குளிர் எலும்பைத் தொடுகிறது. பின்புறம் போனால் சட்டை நனைகிறது. கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றின் சர்வர்களில் பழைய லினக்ஸை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றும் குழுவோடு ஒரு சனிக்கிழமை இரவைக் கழிக்க அனுமதி கிடைத்திருந்தது. இப்படி முன்கூட்டியே குறித்து வைத்துச் செய்யும் வேலையை அவர்கள் 'ஆக்டிவிட்டி' என்கிறார்கள். இரவு 11 மணிக்குப் பிரிட்ஜ் கால் எனும் கூட்டழைப்பு தொடங்கியது. ஆப் டீம், டேட்டாபேஸ் டீம், நெட்வொர்க் டீம் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து இணைந்திருந்தார்கள்.

பழைய சர்வர்களில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரலைக் கொண்டே உருவாக்கப்பட்டு, கட்டணமில்லாமல் கிடைத்ததால் நம் ஊர் நிறுவனங்கள் பலவும் அதில்தான் ஓடின. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30 அன்று நின்றுபோயின. அடுத்த பதிப்பான சென்ட்ஓஎஸ் 8-இன் கதை இன்னும் கசப்பானது. 2029 வரை வரும் என்று எல்லாரும் நம்பியிருந்ததை 2021 இறுதியோடு முடித்துக்கொள்வதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்ததுமே சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகரி கர்ட்சர் மாற்று ஒன்றை உருவாக்கக் கிளம்பினார். தன்னோடு தொடக்கத்தில் உழைத்து மறைந்த ராக்கி மெக்காவின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயர் வைத்தார். இந்தக் குழு ஏற்றப்போவதும் அதைத்தான்.

புதியதை ஏற்றுவதற்கு முன் அவர்கள் செய்த முதல் வேலை என்னை வியக்க வைத்தது. பழைய சர்வரை, எதையும் மாற்றாமல், அப்படியே ஒருமுறை ரீபூட் செய்தார்கள். "இப்பவே ஏதாவது கெட்டுப்போயிருந்தா இப்பவே தெரியணும் சார். நாம கைவெச்ச பிறகு தெரிஞ்சா, நாமதான் கெடுத்தோம்னு ஆயிடும். ரோல்பேக் பண்றதுக்கும் நல்ல நிலைமைன்னு ஒண்ணு வேணுமில்ல" என்றார் குழுவின் மூத்தவர். மூன்று ஆண்டுகளாக அணைக்கப்படாத சர்வர் அது. அணைந்தது. திரும்ப எழவில்லை.

"கன்சோல்ல என்னம்மா காட்டுது?"

"எமர்ஜென்சி மோட்ல நிக்குதுண்ணா. எஸ்டிசி ஒன்னைத் தேடிட்டு ஒன்றரை நிமிஷம் நின்னுச்சு, அப்புறம் இங்க வந்து விழுந்துடுச்சு."

"பதறாதே. பிளாக் ஐடி எடுத்துப் பாரு."

காரணம் சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. எப்போதோ இடம் போதாமல் போனபோது யாரோ ஒரு டிஸ்க்கைச் சேர்த்திருக்கிறார்கள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் நிலையான அடையாளமான யூயுஐடியைக் குறிக்காமல், லினக்ஸின் மையமான கர்னல் அன்றைக்குக் கொடுத்திருந்த பெயரை எழுதிவிட்டார்கள். டிஸ்க்குகள் கண்டுபிடிக்கப்படும் வரிசையைப் பொறுத்து அமையும் பெயர் அது. ஒவ்வொரு ரீபூட்டிலும் மாறக்கூடும். சர்வர் ஓடிக்கொண்டிருந்தவரை அந்தத் தவறு யாருக்கும் தெரியவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த கன்சோலில் இருந்த பெண் ஒரு வரியைத் திருத்தினார், மறுபடி ரீபூட் செய்தார், பிங் வந்தது.

எங்கள் சர்வர் இத்தனை நாளாக அணையவே இல்லை என்று பெருமை பேசுவோர் இந்தத் துறையில் நிறைய உண்டு. அந்தப் பெருமையை நான் ஏற்பதில்லை. ரீபூட் செய்யவே அஞ்சும் சர்வருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கர்னலுக்கு வந்த திருத்தங்களை டிஸ்க்கில் நிறுவியிருப்பார்கள். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ பழைய ஓட்டைக் கர்னல். ஓடும்போதே கர்னலைத் திருத்தும் லைவ் பேட்சிங் வசதி உண்டு என்றாலும் எல்லாத் திருத்தமும் அந்த வழியில் வருவதில்லை. மாதம் ஒருமுறை தயங்காமல் ரீபூட் செய்ய முடிகிற சர்வரைத்தான் நல்ல கைகளில் இருக்கும் சர்வர் என்பேன்.

சர்வரில் புதிய லினக்ஸ் ஏறுவதைப் பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. கணினியின் நெட்வொர்க் அட்டை டிஹெச்சிபியிடம் முகவரி கேட்கிறது; முகவரியோடு பூட் லோடர் எங்கே இருக்கிறது என்ற தகவலும் வருகிறது; டிஎஃப்டிபி வழியாகக் கர்னல் இறங்குகிறது; பிறகு கிக்ஸ்டார்ட் என்ற கோப்பைப் படித்து, யாரும் எதையும் சொடுக்காமலே நிறுவல் நடக்கிறது. சர்வர் தன் நினைவகத்தைச் சோதித்துக்கொள்ளும் சில நிமிடங்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். குழுவின் உழைப்பெல்லாம் அந்தக் கிக்ஸ்டார்ட் கோப்பில்தான் சேர்ந்திருக்கிறது. லாக் கோப்புகள் பெருகி ரூட் பகுதியை அடைத்துவிடாமலிருக்க அவற்றுக்குத் தனிப் பகுதி. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையை வளர்க்கலாம், சுருக்க முடியாது. அதனால் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம்மில் முன்கூட்டியே கொஞ்சம் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அரணை அணைக்கக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. ஆப் ஓடவில்லை என்றால் லாகைப் பார்த்துச் சரியான லேபிளைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் சேர்ந்தது, எந்த டிக்கெட்டால் சேர்ந்தது என்ற குறிப்பு இருக்கிறது. நான் பார்த்ததில் ஆகச் சிறந்த ஆவணங்களில் ஒன்று அது.

ஒரு பழைய சர்வரில் மட்டும் டிஸ்க்கே இல்லை என்றது நிறுவி. டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. ரெட் ஹேட் தன் 8ஆம் பதிப்பிலேயே பழைய ரெய்டு அட்டைகள் சிலவற்றுக்கான ஆதரவை நீக்கிவிட்டது. அதை அடியொற்றும் ராக்கியிலும் இல்லை. ஈஎல்ரெப்போ என்ற தன்னார்வலர் களஞ்சியத்தில் அந்த அட்டைகளுக்கான டிரைவர் கிடைக்கும். மூத்தவர் அதைத் தயாராக வைத்திருந்தும் போடவில்லை. கடன் கணக்கு ஓடும் இயந்திரத்தை, ரெட் ஹேட்டே கைவிட்ட அட்டையை நம்பி நிறுத்தக் கூடாது என்று அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

நள்ளிரவுக்குப் பின் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. தேநீர் குடித்தபடி, ஆடிட்டர்களோடு தங்களுக்கு ஓயாமல் நடக்கும் வழக்கைச் சொன்னார்கள். பாதுகாப்புச் சோதனைக் கருவி பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் 'பழையது, ஆபத்து' என்று சிவப்பில் எழுதிவிடும். நிறுவனங்களுக்கான லினக்ஸ் அப்படி வேலை செய்வதில்லை. ரெட் ஹேட்டின் 9ஆம் பதிப்பின் கர்னல் எண் 5.14 என்றே பல ஆண்டுகள் நிற்கும். புதிய கர்னல்களில் வரும் திருத்தங்களை மட்டும் பிரித்தெடுத்து இந்தப் பழைய எண்ணுக்குள்ளேயே பொருத்துவார்கள். இதற்குப் பேக்போர்ட் என்று பெயர். இந்த நிதானம் எவ்வளவு பெரிய காவல் என்பது 2024 மார்ச்சில் தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு ஒன்றை நுழைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து விடாமல் துருவிய ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் நிறுவன லினக்ஸ்களுக்கு வந்துசேரவே இல்லை. அரை நொடியைப் பொருட்படுத்திய அந்த மனிதருக்கு உலகம் முழுவதும் எத்தனையோ பேர் கடன்பட்டிருக்கிறோம்.

நான்கு மணிக்குமேல் ஆப் டீம் உள்நுழைந்து பார்த்து, தவணைக் கணக்குகள் சரியாக வருகின்றன என்று பிரிட்ஜில் சொன்னது. அதன் பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. கேடம்ப்பைச் சோதித்தார்கள். கர்னல் நிலைகுலைந்தால், அதற்கென்றே நினைவகத்தில் ஒதுக்கிவைத்த இன்னொரு கர்னல் எழுந்து, அந்தக் கணத்தின் நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவைக்கும் ஏற்பாடு இது. வேண்டுமென்றே சர்வரைச் சாகடித்தார்கள். அந்தக் கோப்பு எழுதப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் டிக்கெட்டை மூடினார்கள்.

பட்டியலில் ஒரே ஒரு சர்வர் மிச்சம். அதில் ஓடும் நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்கு யார் பொறுப்பு என்பதே வாடிக்கையாளர் பக்கத்தில் முடிவாகவில்லை. தொடவே வேண்டாம் என்கிறார்கள். மூத்தவர் விடிகாலையிலேயே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கியிருந்தார்: முதலில் முழு பேக்கப், அதை அதே வகைச் சர்வர் ஒன்றில் ரீஸ்டோர் செய்து அங்கே ஒரு ரீபூட், அது எழுந்தால் இங்கே ஒரு ரீபூட், தேதி அடுத்த சனிக்கிழமை. ஒப்புதல் தர மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கடைசி வரியில் கேட்டிருந்தார்.